பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா? ஃபைல் பெயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் சின்னச் சின்ன வெப்சைட்டுகள் செய்து தருவதும், கடலூர் வரை போய் அலுவலகக் கணினிகளைச் சரிசெய்து கொடுப்பதும் என் பிழைப்பு. “ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் கணினி இல்லை என்கிறது” என்று வாரத்துக்கு ஒருவராவது கூப்பிடுகிறார். பாதி நேரம் குற்றவாளி ஒரே ஒரு ஆங்கில எழுத்து: கேப்பிட்டலில் இருக்க வேண்டியது ஸ்மாலில் இருக்கும், அல்லது ஸ்மாலில் இருக்க வேண்டியது கேப்பிட்டலில். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

என் லேப்டாப்பில் நன்றாகத் தெரிந்த படங்கள், வெப்சைட்டில் ஏற்றியதும் காணாமல் போய்விட்டன. ஏன்?

இதில் நானே அடிபட்டிருக்கிறேன். பிரெஞ்சுப் பகுதியில் ரூ தூமா பக்கம் ஒரு விருந்தினர் இல்லம். அறைகளைக் கேமராவில் எடுத்து, பக்கத்தில் சேர்த்து, உரிமையாளருக்கு என் லேப்டாப்பிலேயே காட்டினேன். அவருக்குப் பிடித்துப்போனது. அன்று இரவு சர்வரில் ஏற்றினேன். காலையில் அவர் அழைத்து, “தம்பி, ரூம் எல்லாம் எங்கே?” என்றார். எட்டுப் படத்துக்கு எட்டும் வெறும் கட்டம்.

கேமராக்கள் பழைய வழக்கப்படி ஃபைல் பெயர் முழுவதையும் பெரிய எழுத்தில் வைப்பவை; புள்ளிக்குப் பின்னால் வரும் ஜேபிஜி உட்பட. நானோ பக்கத்தின் நிரலில் கைப்பழக்கத்தில் சின்ன எழுத்து ஜேபிஜி அடித்திருந்தேன். என் லேப்டாப்பில் விண்டோஸ். அதற்கு இரண்டும் ஒன்றுதான், படத்தைக் காட்டிவிட்டது. வாடகைக்கு எடுத்த சர்வரில் லினக்ஸ். அதற்கு அவை இரண்டு வேறு பெயர்கள். கேட்ட பெயரில் ஃபைல் இல்லை, கையை விரித்துவிட்டது.

இணைய முகவரியிலேயே இந்த இரட்டை வேடம் உண்டு. தளத்தின் பெயரை எந்த எழுத்தில் அடித்தாலும் ஒன்றுதான். அதற்கு அடுத்த சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது மட்டும் சர்வரின் இஷ்டம்.

அப்படியானால் விண்டோஸ் பெரிய, சின்ன எழுத்து வித்தியாசத்தையே மறந்துவிடுகிறதா?

மறக்கவில்லை. நீங்கள் அடித்தபடியே எழுதி வைத்துக்கொள்ளும், தேடும்போது மட்டும் பேதம் பார்க்காது. ஒருவரை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவரே திரும்பிப் பார்ப்பார். ரேஷன் கார்டில் மட்டும் எழுதியது எழுதியபடி இருக்கும். அந்த மாதிரி.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் நிஜமாகவே மறந்துவிடும். பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளிக்குப் பின் மூன்று, எல்லாமே பெரிய எழுத்தாக மாற்றித்தான் சேமிக்கும். விண்டோஸ் 95 வந்த பிறகுதான் நீளப் பெயர்களை அடித்தபடி வைத்துக்கொள்ளும் வசதி பரவலானது. மேலே சொன்ன கேமரா வழக்கமும் அந்த எட்டு-மூன்று காலத்தின் மிச்சம்தான்.

எது பேதம் பார்க்கும், எது பார்க்காது?

டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர்; அதைப் பொறுத்துத்தான் பதில். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் சாதாரணமாகப் பார்க்காது. பென்டிரைவ், மெமரி கார்டுகளில் இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டும் பார்க்காது. மேக்கில் 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ்ஸும், அதற்கு முன்பிருந்த எச்எஃப்எஸ் பிளஸ்ஸும், வாங்கி வந்த நிலையில் பார்க்காது. அதே ஏபிஎஃப்எஸ் ஐபோனில் பார்க்கும்! லினக்ஸ் பார்க்கும். ஆண்ட்ராய்டு அடியில் லினக்ஸ்தான் என்றாலும், உங்கள் படங்களும் பாட்டுகளும் இருக்கும் பொதுச் சேமிப்பிடம் பார்க்காது.

இத்தோடு முடிந்தால் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் விண்டோஸ் 10இல் 2018 முதல் தனி ஒரு ஃபோல்டரை மட்டும் பேதம் பார்க்கும்படி மாற்றலாம். லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்திலோ, 2019இல் வந்த லினக்ஸ் கர்னல் (அதன் மையப் பகுதி) 5.2 பதிப்பு முதல் தனி ஒரு ஃபோல்டரை மட்டும் பேதம் பார்க்காதபடி மாற்றலாம் (ஃபோல்டர் காலியாக இருக்க வேண்டும்). ஆகவே “விண்டோஸா, லினக்ஸா?” என்று கேட்டு முடிவு கட்ட முடியாது. ஃபோல்டருக்கு ஃபோல்டர் சட்டம் மாறலாம்.

லினக்ஸ் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது?

நான் அதைச் சோம்பேறித்தனம் என்பேன், நல்ல அர்த்தத்தில். லினக்ஸ் பின்பற்றும் பழைய யூனிக்ஸ் மரபில் ஃபைல் பெயர் என்பது வெறும் பைட்டுகளின் வரிசை. சாய்கோடும் பூஜ்ய பைட்டும் வரக்கூடாது, அவ்வளவுதான் விதி. உள்ளே இருப்பது தமிழா, ஆங்கிலமா, கிறுக்கலா என்று கர்னலுக்குக் கவலை இல்லை. பைட்டுகள் ஒத்துப்போனால் ஒரே பெயர், இல்லையென்றால் வேறு.

பேதம் பார்க்காமல் இருப்பதற்குத்தான் அறிவு வேண்டும். ஆங்கிலத்தோடு நின்றால் சுலபம்: எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் பெரிய ஏ 65, சின்ன ஏ 97, எல்லா எழுத்துக்கும் வித்தியாசம் அதே 32. ஆங்கிலத்தைத் தாண்டினால் சிக்கல் ஆரம்பம். துருக்கி மொழியில் புள்ளி வைத்த ஐயும் புள்ளி வைக்காத ஐயும் தனித்தனி எழுத்துகள்; சின்ன ஐயைப் பெரிதாக்கினால் தலையில் புள்ளியோடு கூடிய பெரிய ஐ வரும், நாம் எதிர்பார்ப்பது வராது. ஜெர்மானிய மொழியில் ஒற்றை எழுத்தாக எழுதும் ஒரு ‘ஸ்’, பெரிய எழுத்தாக மாறும்போது இரண்டு எஸ் ஆகிவிடும். அப்போது எழுத்தின் எண்ணிக்கையே மாறுகிறது.

என்டிஎஃப்எஸ் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும்போதே ‘எந்த எழுத்துக்கு எது பெரிய எழுத்து’ என்ற அட்டவணையை அந்த டிஸ்க்கிலேயே எழுதி வைத்துவிடும். விண்டோஸ் பிற்பாடு புது எழுத்துகளைக் கற்றுக்கொண்டாலும் அந்த டிஸ்க்கின் சட்டம் மாறாது. நேற்று இரண்டாக இருந்த ஃபைல் இன்று திடீரென்று ஒன்றாகிவிடக் கூடாதல்லவா.

லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், பேதம் பார்க்காத ஃபைல் சிஸ்டம் என்ற யோசனையே தப்பு என்று பலமுறை வெளிப்படையாகத் திட்டியிருக்கிறார். ஆனாலும் ஆண்ட்ராய்டுக்காகவும், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டுபவர்களுக்காகவும் அது கர்னலுக்குள் வந்தே விட்டது.

நான் புரோகிராம் எழுதுபவன். இரண்டு பெயரையும் சின்ன எழுத்தாக்கி ஒப்பிட்டால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

உங்கள் மொழியின் ‘சின்ன எழுத்தாக்கு’ கட்டளை ஒரு விதியை வைத்திருக்கும். ஃபைல் சிஸ்டம் வேறொரு விதியை வைத்திருக்கும். இரண்டும் ஆங்கிலத்துக்கு ஒத்துப்போகும், மற்றதற்கு ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. துருக்கி மொழி அமைப்பு உள்ள கணினியில் உங்கள் கட்டளையே வேறு விடை தரலாம். இரண்டு பெயரும் ஒன்றா என்று தீர்ப்பு சொல்லும் உரிமை ஃபைல் சிஸ்டத்துக்கு மட்டும்தான். நீங்கள் யூகிக்கலாம், அது தீர்ப்பாகாது.

அதனால் கேட்டுவிடுங்கள். புது ஃபைல் உருவாக்கும்போது ‘ஏற்கெனவே இருந்தால் தோற்றுப்போ’ என்ற நிபந்தனையோடு திறக்கச் சொல்லுங்கள். முதலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் உருவாக்குவது வேண்டாம். நடுவில் வேறு யாராவது உருவாக்கிவிடலாம். இரண்டு பாதைகள் ஒரே ஃபைலா என்று தெரிய வேண்டுமானால் பெயரை விட்டுவிட்டு, இரண்டையும் திறந்து, டிஸ்க் எண்ணும் ஃபைலின் உள் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். லினக்ஸில் ஐநோடு எண் என்பார்கள், விண்டோஸிலும் அதற்கு ஈடானது உண்டு.

யூகித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2014 டிசம்பரில் ஒரு பெரிய உதாரணம் வந்தது. நிரலில் செய்த மாற்றங்களைக் குறித்து வைக்கப் புரோகிராமர்கள் பயன்படுத்தும் கிட் என்ற மென்பொருள், தன் அமைப்புகளைப் புள்ளியில் தொடங்கும் ‘கிட்’ என்ற ஃபோல்டரில் வைத்திருக்கும். யாராவது அதே பெயரில் ஃபோல்டரை அனுப்பினால் ஏற்காது. ஆனால் முழுக்கச் சின்ன எழுத்தில் உள்ள பெயரை மட்டும்தான் தடுத்தது. விஷமி ஒருவர் அதையே பெரிய எழுத்தில் அனுப்பினால், கிட் அதை வேறு ஃபோல்டர் என்று நம்பி எழுதச் சொல்லும். விண்டோஸும் மேக்கும் அதை உண்மையான ஃபோல்டருக்குள்ளேயே எழுதிவிடும். அப்புறம் உங்கள் கணினியில் அவர் சொன்ன கட்டளை ஓடும். 2.2.1 பதிப்பில் அடைத்தார்கள். வாசலில் நின்ற காவலாளியும் உள்ளே இருந்த வீட்டுக்காரரும் ஆளை அடையாளம் பார்க்க வேறு வேறு முறை வைத்திருந்தார்கள், ஓட்டை அங்கேதான்.

ஃபைல் பெயரில் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கினேன். கிட் கண்டுகொள்ளவே இல்லையே?

ஃபோல்டரை உருவாக்கும்போதே அந்த டிஸ்க் பேதம் பார்க்குமா என்று கிட் சோதித்து, ‘இக்னோர்கேஸ்’ என்ற அமைப்பில் குறித்துக்கொள்ளும். பார்க்காது என்றால் உங்கள் மாற்றம் அதற்கு மாற்றமாகவே தோன்றாது. எக்ஸ்ப்ளோரரில் பெயர் மாற்றாமல் ‘கிட் எம்வி’ கட்டளையால் மாற்றுங்கள். முரண்டு பிடித்தால் இடையில் ஒரு தற்காலிகப் பெயர் வைத்து இரண்டு தடவையாக மாற்றுங்கள். இக்னோர்கேஸை நீங்களாகத் திருத்தி கிட்டை ஏமாற்ற வேண்டாம். அது டிஸ்க்கின் குணத்தைச் சொல்லும் குறிப்பு, டிஸ்க்கை மாற்றும் சுவிட்ச் அல்ல.

லினக்ஸ் கர்னலின் மூலநிரலை விண்டோஸில் இறக்கிப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை தெரியும். நெட்வொர்க் பாக்கெட்டுகளை வடிகட்டும் அதன் நெட்ஃபில்டர் பகுதியில் டிஎஸ்சிபி என்று பெரிய எழுத்தில் ஒரு ஃபைல், சின்ன எழுத்தில் ஒரு ஃபைல். சின்னது பாக்கெட்டைப் பொருத்திப் பார்க்கும், பெரியது அதை மாற்றும். வேண்டுமென்றே அப்படி வைத்த பெயர்கள். விண்டோஸில் இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும், கிட் எச்சரிக்கை கொடுக்கும்.

பைத்தான், ஜாவா எல்லாம் இதைச் சமாளிக்கின்றனவா?

பைத்தான் 2001லேயே முடிவெடுத்துவிட்டது: விண்டோஸாக இருந்தாலும் இம்போர்ட் செய்யும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நல்ல முடிவு. டைப்ஸ்கிரிப்டில் ஒரே ஃபைலை இரண்டு விதமாக எழுதினால் பிழை காட்டும் சோதனை உண்டு, 5.0 முதல் அது தானாகவே இயங்குகிறது. ஜாவாவில் எழுத்து மட்டும் மாறும் இரண்டு கிளாஸ்கள் ஒரே ஃபோல்டரில் இருந்தால், விண்டோஸில் ஒன்றின் ஃபைல்மீது இன்னொன்று உட்கார்ந்துவிடும்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தே இல்லையே! தமிழில் பெயர் வைத்தால் நிம்மதிதானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். நம் தொல்லை வேறு மாதிரி.

‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் க-வுக்குப் பின் ஒகரக் குறி என்ற ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம். முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் அச்சு அசலாக ஒன்றே. யூனிகோடும் இரண்டும் சமம் என்றே சொல்கிறது. மேக் இரண்டையும் ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும். விண்டோஸிலும் சாதாரண லினக்ஸிலும் அவை இரண்டு ஃபைல்கள். ஒரே ஃபோல்டரில் ‘கொள்ளிடம்’ என்று இரண்டு ஃபைல் பார்த்தால் கண்ணைக் கசக்க வேண்டாம்.

இங்கே பிரெஞ்சு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. தலையில் அக்சான் போட்ட எழுத்தும் இதே போல இரண்டு விதமாகச் சேமிக்கப்படும். பழைய மேக்குகள் அதைப் பிரித்தே எழுதும். மேக்கிலிருந்து லினக்ஸுக்கு வந்த பிரெஞ்சுப் பெயர்கள் தேடலில் அகப்படாமல் போவதற்கு இதுதான் வழக்கமான காரணம்.

அடுத்தது ‘ஸ்ரீ’. ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். இந்த இரண்டாவது எழுத்து 2005இல்தான் யூனிகோடில் சேர்ந்தது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே கூட்டெழுத்தாகத் தெரியும். ஆனால் யூனிகோடு இவற்றைச் சமம் என்று சொல்வதில்லை, ஆகவே மேக் உட்பட எல்லா இடத்திலும் வேறு வேறு பெயர். கடலூர் மாவட்டத்தின் ஸ்ரீமுஷ்ணம் கோப்புகளை இரண்டு பேர் இரண்டு கீபோர்டில் அடித்தால், ஒருவர் தேடும்போது மற்றவருடையது வரவே வராது.

அப்புறம் நம் ‘கௌ’. பாதிப் பேர் ஔகாரத்துக்குப் பதிலாகக் கொம்பு போட்டு, பக்கத்தில் ள-வை அடித்துவிடுகிறார்கள். கௌரி வேறு, கெளரி வேறு. இது எழுத்துப்பிழைதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத எழுத்துப்பிழை. எந்த ஃபைல் சிஸ்டமும் திருத்தாது. அதே போல க்ஷ-வைப் பிரித்துக் காட்டுவதற்காகச் சில கீபோர்டுகள் நடுவில் அகலமே இல்லாத ஒரு குறியைச் செருகும். பழைய எச்எஃப்எஸ் பிளஸ் அதை ஒப்பீட்டில் கணக்கில் எடுக்காது, மற்றவற்றில் பெரும்பாலானவை எடுக்கும். மேலே சொன்ன கிட் ஓட்டைக்கு மேக்கில் அதுவும் ஒரு வழியாக இருந்தது.

நீளமும் ஒரு தொல்லை. லினக்ஸின் எக்ஸ்ட்4இல் பெயருக்கு 255 பைட் வரை இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் மூன்று. ‘கடலூர்’ 18 பைட், ‘புதுச்சேரி’ 30 பைட். எழுத்தும் குறியும் புள்ளியுமாக மொத்தம் 85 வரைதான் போகும். என்டிஎஃப்எஸ்ஸோ பைட்டை எண்ணாது, தமிழில் அதே 255 எழுத்து-குறி வரை விடும். விண்டோஸில் தாராளமாகப் பெயர் வைத்த கோப்பு லினக்ஸ் சர்வரில் ‘பெயர் நீளம்’ என்று திரும்பி வருவது இதனால்தான்.

மழைக்காலத்துக்கு முன் லினக்ஸ் கணினியிலிருந்து பென்டிரைவில் எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். எண்ணிப் பார்த்தால் ஃபைல் குறைகிறது. எங்கே போயின?

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் இந்தக் கரையைப் புரட்டிப்போட்டதைப் பார்த்தவர்கள், நவம்பர் பிறந்ததும் பேக்கப் எடுக்கும் பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் லினக்ஸில் எழுத்து மட்டும் மாறி இரண்டு ஃபைல் இருந்திருந்தால், பென்டிரைவில் இரண்டாவது வந்து முதலாவதை அழித்துவிட்டிருக்கும். சில புரோகிராம்கள் கேட்கும், சில சத்தம் போடாமல் மேலெழுதும்.

நகல் எடுப்பதற்கு முன் எல்லாப் பெயர்களையும் பட்டியலிட்டு, சின்ன எழுத்தாக்கி, வரிசைப்படுத்தி, இரட்டிப்பாக வருபவற்றை மட்டும் பாருங்கள். ஃபைண்ட், டிஆர், சார்ட், யூனிக் என்ற நான்கு லினக்ஸ் கட்டளைகளையும் கோத்தால் ஒரே வரியில் முடிந்துவிடும். இது யூகம்தான், ஆனால் ஆங்கிலப் பெயர்களுக்குப் போதும். அதைவிடச் சுலபம்: எல்லாவற்றையும் ஒரே டார் ஃபைலாகக் கட்டி அதை நகல் எடுப்பது. ஃபேட்32 பென்டிரைவ் என்றால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அதை மட்டும் கவனியுங்கள்.

அலுவலகத்தில் சாம்பா சர்வர். ஸ்கேன் செய்த ஃபைல்கள் குவிந்த ஃபோல்டர் மட்டும் ஏன் ஆமை வேகம்?

லினக்ஸ் சர்வரின் ஃபோல்டர்களை விண்டோஸ் கணினிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் மென்பொருள்தான் சாம்பா. விண்டோஸ் கணினிகள் பேதம் பார்க்காத பதிலை எதிர்பார்க்கின்றன. அடியில் இருக்கும் லினக்ஸ் பேதம் பார்க்கும். நடுவில் சாம்பா மாட்டிக்கொள்கிறது. ‘இந்தப் பெயரில் ஃபைல் இல்லை’ என்று சொல்ல வேண்டுமானால், வேறு எழுத்தில் இருக்கிறதா என்று ஃபோல்டர் முழுவதையும் படித்துப் பார்க்க வேண்டும். ஐம்பது ஃபைல் என்றால் தெரியாது, ஐம்பதாயிரம் என்றால் ஒவ்வொரு புது ஃபைலுக்கும் தெரியும். வருடம், மாதம் என்று பிரித்து வைப்பதுதான் நான் முதலில் செய்வது. முடியாவிட்டால் அந்தப் பகிர்வுக்கு மட்டும் எல்லாப் பெயரும் சின்ன எழுத்தில் என்று கட்டாயமாக்கி, பேதம் பார்க்கும்படி சாம்பாவை மாற்றலாம். ஏற்கெனவே இருக்கும் பெயர்களை முதலில் சின்ன எழுத்துக்கு மாற்ற மறந்தால், அவை ஒரே நாளில் ‘காணாமல்’ போகும்.

மேக்கையே பேதம் பார்க்கும்படி ஃபார்மேட் செய்துவிடலாமா?

வேண்டாம். பேதம் பார்க்காது என்று நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள் நிறைய, அவற்றில் சில அத்தகைய டிஸ்க்கில் நிறுவவே மறுக்கும். வேலைக்கு மட்டும் பேதம் பார்க்கும் தனி வால்யூம் ஒன்று ஏபிஎஃப்எஸ்ஸில் உருவாக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸில் எஃப்எஸ்யூட்டில் கட்டளையால் ஒரு ஃபோல்டரை மட்டும் மாற்றலாம்.

அப்போ பெயரை எப்படித்தான் வைப்பது, அண்ணா?

வெப்சைட்டுக்கும் நிரலுக்கும் போகும் ஃபைல் என்றால் முழுக்கச் சின்ன எழுத்து, எண், இடைக்கோடு. கேமராவிலிருந்து வந்தவுடன் ஜேபிஜியையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். வீட்டு, அலுவலகக் கோப்புகளுக்குத் தாராளமாகத் தமிழில் வையுங்கள், குட்டையாக. ஒரே அலுவலகத்தில் எல்லாரும் ஒரே கீபோர்டு முறையில் அடியுங்கள். விருந்தினர் இல்லத்துக்காரர் இப்போது படங்களை வாட்ஸாப்பில் அனுப்புகிறார். அந்தப் பெயர்களில் இடைவெளியும் பெரிய எழுத்தும் கலந்து வருகின்றன. மாற்றுவதற்கென்றே ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருக்கிறேன்.

கான்ட்ராக்ட் ஃபைல்களுக்காகச் சி, ஓ, என் என்ற மூன்றெழுத்தில் ஃபோல்டர் போட்டால் விண்டோஸ் விடமாட்டேன் என்கிறது. பெரிய எழுத்தில் போட்டுப் பார்க்கட்டுமா?

பலிக்காது. டாஸ் காலத்தில் அந்த மூன்றெழுத்து கீபோர்டையும் திரையையும் குறித்த பெயர், இன்றுவரை ஒதுக்கியே வைத்திருக்கிறார்கள். பெரிதாக அடித்தாலும் சின்னதாக அடித்தாலும் அதே பதில்தான். இன்னும் இரண்டு எழுத்து சேர்த்துவிடுங்கள்.